கழுத்து அறுவைக்குப் பின் முதல் இரவு

கழுத்துத் தண்டுவட அறுவை முடிந்து நோயாளி ரெகவரி அறைக்கு வந்ததும் வலியைப் பற்றி நாங்கள் முதலில் கேட்பதில்லை. "என் கையை அழுத்திப் பிடிங்க, விரலை விரிங்க, பாதத்தை மேலே தூக்குங்க" என்றுதான் தொடங்குவோம். தண்டுவடத்தருகே ரத்தம் கட்டி அழுத்தினால் ஸ்கேனுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது அந்தக் கையும் காலும்தான். அதற்கு அவர் தெளிவாக விழித்திருக்க வேண்டும், சொன்னது புரிய வேண்டும், வலியில் துடிக்கவும் கூடாது. மூன்றும் ஒருசேர அமைய வேண்டும் என்பதற்காகவே மயக்கவியல் மருத்துவரான நான் நெர்வ் பிளாக்கை, அதாவது குறிப்பிட்ட நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியை, இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன்.

மார்ஃபின், ஃபெண்டனில் போன்ற வீரியமான வலி மருந்துகள் மட்டும் என்றால் இந்த மூன்றில் ஒன்று கைநழுவிவிடும். வலி அடங்கும் அளவுக்குக் கொடுத்தால் கண் சொருகும், மூச்சு மந்தமாகும், குமட்டும். குறைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். காலர் போட்டு, தலையைத் திருப்ப முடியாமல் மல்லாந்திருப்பவருக்கு வாந்தி வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்த யாரும் அந்த மருந்துகளை அள்ளிக் கொடுக்க நினைக்க மாட்டார்கள்.

கழுத்தை முன்பக்கம் திறக்கிறார்களா, பின்பக்கமா என்பதைப் பொறுத்து வலியின் குணமே மாறுகிறது. முன்பக்கம் திறந்து டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைக்கும்போது தசைகளைப் பெரும்பாலும் விலக்கிக்கொண்டுதான் போகிறார்கள். வெட்டுக்காயத்தின் வலி மிதமானது. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசையின் பின் ஓரத்தில், நடுப்பகுதியில், தோலுக்குச் சற்றுக் கீழே மருந்து செலுத்தினால் அந்த இடம் மரத்துவிடும். ஆனால் விழுங்கும்போது வரும் தொண்டை வலியை இந்த ஊசி தொடாது. அது உணவுக்குழாயை ஒதுக்கிப் பிடித்ததால் வருவது. இதை முன்னாலேயே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் "ஊசி வேலை செய்யலையே டாக்டர்" என்று தவித்துப்போகிறார்கள்.

பின்பக்க அறுவையின் கதை வேறு. தண்டுவடத்தை மூடியிருக்கும் பின்பக்க எலும்பை எடுக்கும் லேமினெக்டமியோ, அதை விரித்து வைக்கும் லேமினோபிளாஸ்டியோ, எதுவானாலும் கழுத்துத் தசைகளை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்கியாக வேண்டும். அந்தத் தசைகள் பிறகு இறுகிப் பிடித்துக்கொள்ளும் வலி கடுமையானது. பிளாக்கின் முழு மதிப்பும் இங்கேதான் தெரிகிறது. நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும்போது, கத்தி படுவதற்கு முன், கழுத்தின் பின்புறம் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபடி இரு பக்கமும் போடுகிறோம். செமிஸ்பைனாலிஸ் என்ற பெயர் கொண்ட இரு தசைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஊசிமுனை சரியான இடைவெளிக்கு வந்து மருந்து இறங்கும்போது, ஒட்டிக்கொண்ட புத்தகத் தாள்கள் பிரிவதுபோல அவை விலகுவது திரையில் தெரியும். அந்தத் தளத்தின் வழியே முதுகுப்புறம் செல்லும் நரம்புக் கிளைகள் மரத்துப்போகும். கைக்குப் போகும் நரம்புகள் முன்னால் வெகு ஆழத்தில் இருப்பதால் விரல் அசைவு பாதிக்கப்படுவதில்லை.

முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் மருந்து செலுத்தும், 2016-இல் விவரிக்கப்பட்ட இரெக்டர் ஸ்பைனே பிளாக்கையும் சிலர் கழுத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். முதுகில் அது எனக்குப் பிடித்த முறை. கழுத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. மருந்து ஆழமாகப் பரவினால் கை நரம்புகளையும், மூன்று முதல் ஐந்து வரையிலான கழுத்து நரம்புகளிலிருந்து உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் எட்டக்கூடும். கை வலுவிழந்தால் அது மருந்தா, தண்டுவடமா என்ற குழப்பம் வரும். உதரவிதானம் ஓய்ந்தால் மூச்சே சிரமமாகும். இந்த அறுவைக்குப் பின் அந்த இரண்டையும் பணயம் வைக்க நான் தயாராக இல்லை. மேலோட்டமான தளமே போதும்.

மருந்தின் அளவில் விட்டுக்கொடுப்பே கிடையாது. பிளாக்குக்குப் பயன்படும் ரோபிவகெய்ன் என்ற மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது நாங்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180. இரு பக்கமும் 0.2 சதவீத மருந்து 20 மில்லி வீதம் போட்டால் 80 மில்லிகிராம் ஆகிறது. தையல் போடும்போது அறுவை மருத்துவரும் காயத்தில் மரத்துப்போகும் மருந்து செலுத்துவார் என்றால், அதுவும் இதே கணக்கில் சேர வேண்டும். அதை முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டால் கொடுக்கவேண்டிய 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கலவை தியேட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என் கவலை எல்லாம் பிளாக் இறங்கும், அதாவது மரப்பு விலகி வலி திரும்பும் நேரத்தைப் பற்றித்தான். காலையில் போட்டது பெரும்பாலும் இரவில் இறங்குகிறது, உறவினர்கள் அசந்து தூங்கும் நேரத்தில். மாலைவரை "வலியே இல்லைங்க" என்று சிரித்துப் பேசிய ஒரு அம்மா, இரவில் என்னைப் பார்த்ததும் கேட்டது: "உள்ள ஏதோ உடைஞ்சிடுச்சா சார்?" கழுத்தில் உண்டான வலியைவிட அந்தப் பயம்தான் அவரை வாட்டியது. எதுவும் உடையலைம்மா, ஊசியின் வேலை முடிஞ்சது, அவ்வளவுதான் என்று விளக்கியதும் தோள்கள் தளர்ந்தன. அதனால்தான் பிளாக் வேலை செய்யும்போதே பாராசிட்டமாலை மணி பார்த்துத் தொடங்கச் சொல்கிறேன். வலி வந்து மணியடித்த பிறகு தொடங்கினால் அதை எட்டிப் பிடிப்பது கடினம். கொஞ்சம் மார்ஃபின் தேவைப்பட்டால் கொடுக்கலாம். பிளாக் போட்டாயிற்றே என்று மறுப்பது கொடுமை.

இதன் மறுபக்கத்தையும் இரவுப்பணி செவிலியர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். வலி கூடினாலே ஊசி இறங்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முதலில் கைப்பிடியைச் சோதியுங்கள். தோளைத் தூக்கச் சொல்லுங்கள். முன்பக்க அறுவை என்றால் கழுத்து வீங்குகிறதா, குரல் மாறுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அறுவை மருத்துவரையும் என்னையும் உடனே கூப்பிட வேண்டும், எந்த நேரமானாலும். கேஸ் ஷீட்டில் பிளாக் போட்ட நேரத்துக்குக் கீழே இதையும் எழுதி, என் போன் நம்பரையும் குறித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.