சிவாஜிநகர் மாதா கோயிலும் தலைப்பாகை கட்டிய பிரெஞ்சு சாமியாரும்

பெங்களூரில் சனிக்கிழமை சாயங்காலம் சிவாஜிநகர் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பேருந்துதான் சரி. நிலையத்தில் இறங்கி ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போகிற கூட்டத்தோடு நடந்தால் போதும், அதுவே மாதா கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடும். கோபுரம் வேறு 160 அடி உயரம். வழி தவறவே முடியாது.

அல்சூரில் இருக்கும் என் சித்தி மகன் கூட வந்தான். அவனுக்கு நவநாள் பூசை. எனக்கு அபே துபுவா. இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் பூசை வைத்த பிரெஞ்சு சாமியார் அவர்.

வாசலில் மல்லிகையும் மெழுகுவர்த்தியும் வரிசையாக விற்கிறார்கள். பேச்செல்லாம் தமிழ்தான், நடுநடுவே கன்னடமும் உருதுவும் விழுகின்றன. பூ விற்ற அம்மாவிடம் இந்தக் கோயிலை முதலில் கட்டியது யார் என்று கேட்டுப் பார்த்தேன்.

"சாமியாரு பேரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. செஞ்சியிலேருந்து வந்த நம்ம ஜனங்கதான் மொதல்ல கொட்டாய் போட்டாங்க. எங்க ஆயா சொல்லும். முழம் நாப்பது, எத்தனை வேணும்?"

கோயில் வரலாறும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு சிறு கோயில் எழுப்பி, காணிக்கை மாதா என்று பெயரிட்டு வணங்கினார்கள். அப்போது இது நெல் வயல் சூழ்ந்த ஊர். 1803இல் துபுவா வந்து ஒரு கூரைக் கோயில் கட்டினார். ஆங்கிலேயர் தண்டு இறங்கியது 1809இல். அதாவது கண்டோன்மென்ட் வருவதற்கு முன்பே மாதா இங்கே இருந்தாள். இப்போது நாம் பார்க்கும் கூர்மாடக் கட்டடம் கிளைனர் சாமியார் காலத்தது. 1882 செப்டம்பர் 8இல் அர்ச்சித்தார்கள். போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற சிறப்பு அந்தஸ்து 1973இல் கிடைத்தது.

உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கத் தவறாதீர்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பத்திரமாகக் கழற்றி வைத்து, 1947இல் திரும்ப மாட்டியவை அவை. ஆனால் கூட்டம் அவற்றை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. எல்லாரும் வெளியே தனிக்கெபியில், அதாவது குகை போன்ற சிறு மாடத்தில், சேலை கட்டி நிற்கும் மாதாவிடம்தான் போகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, கைக்குழந்தையின் தலையைக் கம்பியில் மெதுவாக ஒரு முறை முட்டவைத்து எடுத்தார். பக்கத்திலிருந்த பாட்டி செபமாலையை நிறுத்தாமலே அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

சரி, துபுவாவுக்கு வருவோம். பிரான்சில் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த 1792இல் குருப்பட்டம் பெற்று, அதே வருடம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர். தமிழ்நாட்டுப் பக்கம் சில வருடங்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டபின், அங்கே சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்ட ஒரு சாமியார் வேண்டுமென்று கேட்டவர் கர்னல் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்தாரே, அதே வெல்லெஸ்லிதான். பிரெஞ்சுக்காரரோடு சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிரெஞ்சுச் சாமியாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

தாமஸ் ஹிக்கி வரைந்த படத்தில் துபுவாவைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை அங்கி, தலைப்பாகை, தாடி. ஊர் மக்களைப் போலவே உடுத்தி, அவர்கள் ஆகாதென்பதை ஒதுக்கி வாழ்ந்தவர். மைசூர்ப் பக்கம் அவரைத் 'தொட்ட சாமியோரு' என்றுதான் கூப்பிட்டார்களாம். நம் ஊரில் பெரிய சாமி என்கிற மாதிரி. ஹாசன் பக்கத்துச் சாத்தள்ளியில் ஏழைக் கிறிஸ்தவர்களை நிலத்தில் குடியமர்த்தி விவசாயம் செய்ய வைத்தார். அம்மை குத்துவதை ஊர் ஊராகப் பரப்பினார். ஜென்னர் கண்டுபிடித்த அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததே 1802இல்தான். அடுத்த ஓரிரு வருடத்துக்குள் மைசூர் நாட்டில் இவர் ஏற்பாட்டில் 25,000 பேருக்கு மேல் குத்திக்கொண்டார்கள். அம்மை வந்தால் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுகிற ஊர்களில், முன்பின் பார்த்திராத ஒன்றை உடம்பில் ஏற்றிக்கொள்ள வைப்பதற்கு அந்தத் தலைப்பாகையும் கொஞ்சம் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் உலகம் அவரை அறிவது இதற்காக இல்லை. இந்துக்களின் பழக்கவழக்கங்கள், சடங்குகள் பற்றி அவர் எழுதிய தடித்த நூலுக்காக. கையெழுத்துப் பிரதியை 1807இல் சென்னை கவர்னர் வில்லியம் பெண்டிங்க் 2,000 நட்சத்திர வராகன் (அந்தக் காலப் பொற்காசு) கொடுத்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கினார். 1816இல் ஆங்கிலத்தில் வந்தது. அப்புறம் தலைமுறை தலைமுறையாக, இந்தியாவுக்கு வந்த வெள்ளை அதிகாரிகள் அதை வைத்துத்தான் நம்மைப் புரிந்துகொள்ளப் பார்த்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1980களில் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அந்த நூலின் பெரும்பகுதி புதுச்சேரியில் வாழ்ந்த கேர்தூ என்ற சேசுசபைச் சாமியாரின் பழைய குறிப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று நிறுவினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவை 1767லேயே எழுதியவர் இந்தக் கேர்தூ. பாவம், பெயர் துபுவாவுக்குப் போய்விட்டது. இந்த விஷயத்தில் எனக்குத் துபுவா மேல் வருத்தம்தான். அம்மை குத்தியவரும் இவர்தான், அடுத்தவர் எழுத்துக்குக் காசு வாங்கியவரும் இவர்தான். முதலாவதை மட்டும் செய்திருந்தாலே போதும் என்று தோன்றுகிறது. பிரான்சுக்குத் திரும்பியபின் பஞ்சதந்திரக் கதைகளை 1826இல் பிரெஞ்சில் வெளியிட்டார். அதே நூலில் நம் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் பிரெஞ்சுக்குப் போனது என்பதில் மட்டும் எனக்கு ஒரு சந்தோஷம்.

1823இல் ஊருக்குக் கிளம்பினார். அதே வருடம் வெளியான கடிதங்களில், இந்த நாட்டு இந்துக்களைக் கிறிஸ்தவர்களாக்குவது மனித முயற்சியால் ஆகாத காரியம் என்று முடிவாக எழுதிவிட்டார். அதற்கு அடுத்த வருடமே மறுப்பு எழுதியவர் எங்கள் பாளையங்கோட்டையில் பட்டாளக் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப். நெல்லைக்காரனான நான் யார் பக்கம் என்று சொல்லவே வேண்டாம். சித்தி மகன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "உங்க ரெண்டு பாதிரியாரும் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பாத்திருந்தா என்னண்ணே எழுதியிருப்பாங்க? பாதிப் பேர் மதமே மாறல, ஆனா வாராவாரம் வர்றாங்க." எனக்குப் பதில் வரவில்லை. வரிசையும் நகர்ந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்டு 29இல் கொடியேற்றம், செப்டம்பர் 8இல் தேர். காவி உடுத்தி வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த நாட்களில் போங்கள். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு ஏதாவது வாரநாள் காலையில். துபுவாவை இன்னும் தொடர விரும்பினால் மைசூர் ரோட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், கஞ்சாம் பக்கம் அவர் பெயராலேயே சொல்லப்படும் சிறு கோயிலையும் பாருங்கள். திப்புவின் தரியா தௌலத் பார்க்கப் போகிறவர்கள் பலர் அதைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.