கட்டில் 19

ஆகஸ்ட் 10, 2023

கட்டில் மாற்றிவிட்டார்கள். இப்போது 19. ஜன்னல் பக்கம். வேப்பமரம் தெரிகிறது, ஆனால் அப்பா முகம் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 11

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை. இன்றும் இல்லை. "பேசிக்கிட்டே இருங்கம்மா, அவருக்குக் காது கேட்குது" என்றார் சிஸ்டர். என்ன பேசுவது? வீட்டு விஷயம் எடுத்தால் இரண்டாவது வாக்கியத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கால்பந்து பேசினால் அடைக்கவில்லை.

அதனால் 1911 சொன்னேன். அவர் எனக்குச் சொன்ன மாதிரியே, அதே வரிசையில். ஜூலை 29, கல்கத்தாவின் பழைய கால்பந்துக் கோப்பையான ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பைனல், எதிரே வெள்ளைக்கார ராணுவ டீம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட். கல்கத்தா கிளப் மோகன் பகானின் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். முதல் கோல் வாங்கியது நம் ஆட்கள்தான். அப்புறம் சிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று. 2-1. அந்த இடத்தில் அவர் எப்போதும் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். நான் கட்டில் கம்பியில் தட்டினேன்.

இமை அசைந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 12

சாயங்காலம் டெர்பி, கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகள் மோதுகிற ஆட்டம். டூரண்ட் கோப்பை, ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தேன், சத்தத்தைக் குறைத்து. 60-வது நிமிஷம் நந்தகுமார். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே திரும்பி, இடது காலால் தூரத்து மூலைக்கு ஒரு வளைவு. கோலி, அதாவது கோல்கீப்பர், தாவினான், விரல்கூடப் படவில்லை. 1-0. நாலரை வருஷத்துக்கு அப்புறம் ஈஸ்ட் பெங்கால் டெர்பி ஜெயிக்கிறது, ஜெயிக்க வைத்தவன் சென்னைப் பையன்.

"அப்பா, நம்ம நந்தா" என்றேன். அவர் மோகன் பகான் கட்சி. வேறு நாளாக இருந்தால் டிவியை அணைத்திருப்பார்.

ராத்திரி கீழே ஹாலில் ஹாக்கி. இங்கே சென்னையிலேயே பைனல். மலேசியாவோடு 1-3 என்று பின்தங்கி, 4-3 ஜெயித்தார்கள். வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர், எனக்குப் பெயர் தெரியாத பத்து இருபது பேர், எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். கால்பந்துக்கு இப்படி ஒரு குரல் இந்த ஊரில் எப்போது எழும்?

ஆகஸ்ட் 13

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தூக்கம் வராது.

அப்பா விழுவதற்கு முந்தின ராத்திரி சாப்பிடும்போது அவர்தான் ஆரம்பித்தார். "பாப்பா, நாட்டோட டீம்னு ஒண்ணைச் சொல்லணும்னா எதைச் சொல்லுவ?" அண்ணன் "இந்தியா டீம்தான்" என்றான். "அது வந்து பத்து நாள் ஆடிட்டுப் போற டீம். ஜனங்க வருஷம் பூராவும் கூடவே வச்சிருக்கிற டீம்ல எதுன்னு கேட்கிறேன்" என்றார். பதில் அவரிடமே இருந்தது. மோகன் பகான். அதற்குத் தபால் தலையே போட்டார்கள், 1989-இல். தேசத்தின் கிளப் என்றே சொல்வார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது கல்கத்தா டீம்பா. அதுவும் கல்கத்தாவுல பாதி" என்றேன்.

"வெள்ளைக்காரனை ஜெயிச்ச அன்னிக்கு அது கல்கத்தா டீம் இல்ல."

"அது அன்னிக்கு. நூத்திப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரே ஒரு நாள் ஜெயிச்சதை வச்சு இன்னும் எத்தனை நாள் சொல்லுவீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. தட்டில் பாதிச் சோறு இருந்தது. கை கழுவிவிட்டுப் படுக்கப் போனார். காலை ஐந்தரைக்குக் குளியலறைக் கதவைத் தட்டுகிறேன், உள்ளேயிருந்து பதில் இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். பிபி, வயது, மாத்திரையை விட்டுவிட்டது, இதுதான் காரணம் என்றார். பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதேதான் சொன்னார்.

பாதிச் சோறு. அதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 15

வார்டில் எல்லாக் கட்டிலிலும் சின்னக் கொடி செருகினார்கள். 19-இலும்.

ஆகஸ்ட் 16

இதே தேதி, 1980. ஈடன் கார்டன். ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம், கேலரியில் கலவரம், நெரிசல், பதினாறு பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள். இரண்டு கட்சியிலும் அம்மாக்கள் அழுதார்கள். நாட்டின் டீம் எது என்று கேட்கும்போது இந்தப் பதினாறு பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. இன்று அவரிடம் பந்து பேசவில்லை.

ஆகஸ்ட் 18

பேசினார்!

பேச்சு என்று சொல்ல முடியாது. ஒரு சத்தம். "தங்". மறுபடியும் "தங்". வாய் இடது பக்கம் இழுக்கிறது, நாக்கு திரும்பவில்லை, ஆனால் அதே எழுத்து. மூன்று தடவை. "தங்கச்சியைக் கேட்கிறார்" என்றான் அண்ணன். அத்தைக்குப் போன் போட்டுவிட்டோம்.

ஆகஸ்ட் 20

அத்தை விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். "அண்ணே, நான்தாண்ணே" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அவரைப் பார்த்தார், இடது கையால் அவர் தலையைத் தொட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்".

அத்தை இல்லை என்றால் வேறு யார்? வேறு என்ன?

ஆகஸ்ட் 21

ராத்திரி முழுக்க வராண்டா பெஞ்சு. கொசு. யோசிக்க நிறைய நேரம்.

என் பதிலை அன்று நான் முழுசாகச் சொல்லவே இல்லை. அவர் பதிலை உடைத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். என் பதில் ஈஸ்ட் பெங்கால்.

1920-இல் தொடங்கிய கிளப். கிழக்கு வங்காளத்து ஆட்கள் கல்கத்தாவில் தங்களுக்கென்று வைத்துக்கொண்டது. 1947-இல் அந்தக் கிழக்கே வேறு நாடாகிவிட்டது. வீடு, குளம், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லட்சக்கணக்கில் வந்து ரயில்வே பிளாட்பாரத்திலும் தகரக் கொட்டகையிலும் கிடந்தவர்களுக்கு, ஊர்ப் பெயரோடு மிச்சமிருந்தது அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டை ஒன்றுதான். சரி, இதுவரை இது வங்காளிகள் கதை. ஆனால் அவர்கள் அந்தச் சட்டையை யாருக்குப் போட்டுவிட்டார்கள்? 1949 முதல் 1953 வரை முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரைப் பஞ்ச பாண்டவர் என்றார்கள். அகமது கான் பெங்களூர். சாலே கேரளம். அப்பா ராவ் ஆந்திரம். அப்புறம் வெங்கடேஷ், தன்ராஜ். ஐந்து பேரும் தெற்கத்தி ஆட்கள். 49, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஷீல்டு. ஊரை இழந்து வந்தவன், தன் மொழி தெரியாத ஐந்து பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். நான் நாடு என்று நினைப்பது இதைத்தான்.

அந்த வழக்கம் நின்றுபோகவும் இல்லை. 2003-இல் ஜகார்த்தா போய் ஆசியான் கிளப் கோப்பையை வாங்கி வந்தார்களே, அந்த அணியில் நம் தஞ்சாவூர் குலோத்துங்கன் இருந்தார். 2018-இல் பைக் விபத்தில் போய்விட்டார். நாற்பது வயது. அன்று அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகு நேரம் எதுவும் பேசவில்லை. மோகன் பகான் கட்சிக்காரர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது அவர் பக்க நியாயம். 1911-இல் வெறுங்காலோடு ஆடிய பேரில் பலர் கிழக்கு வங்காளத்துக் குடும்பங்கள். பாதுரி உட்பட. அன்று ஒரே சட்டைதான். இதை அவரிடம் சொன்னால் என்ன சொல்வார்?

ஆகஸ்ட் 23

சந்திரயான் இறங்கிவிட்டது. வார்டே கைதட்டியது. அப்பா இடது கையால் போர்வைமேல் தட்டினார். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25

ஈஸ்ட் பெங்கால் 2, கோகுலம் 1. அரையிறுதிக்குப் போயாச்சு.

ஆகஸ்ட் 26

சென்னையின் எஃப்.சி. கோவாவிடம் 1-4. அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

பில் வந்திருக்கிறது. அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவுன்னு நீ கேட்காதே" என்றான். "அப்பாவுக்கு எதுக்கு இப்போ பந்து, கந்த சஷ்டி கவசம் போடு" என்றான். போட்டேன். அதையும் அமைதியாகக் கேட்டார்.

இன்று எந்த டீமும் நாட்டின் டீம் இல்லை. நாட்டின் டீம் என்றால் நாடு அதைப் பார்த்திருக்க வேண்டும். மதுரை சேது எஃப்.சி. 2019-இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீகை வாங்கியது. எத்தனை பேருக்குத் தெரியும்? என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்தேன். நான் பத்தாவதோடு பந்தை விட்டவள். அப்பா விடச் சொல்லவில்லை. வேறு எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் என் பூட்ஸைத் துடைத்துப் பரணில் வைத்திருந்தார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 28

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். நாலு ஸ்பூன் கஞ்சி.

ஆகஸ்ட் 29

97-வது நிமிஷம்!! அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக நார்த் ஈஸ்ட் யுனைடெட் 2-0 என்று முன்னால் இருக்கிறது, எல்லாம் முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைக்கப் போனேன். நம் முதல் கோல் எதிராளி மேல் பட்டு உள்ளே போனது. அப்புறம் கூடுதல் நேரமும் முடியப்போகிற சமயத்தில் நந்தகுமார் தலையால் ஒன்று. 2-2. பெனால்டியில் 5-3. வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "பையன் பொறந்திருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 31

கோவாவை மோகன் பகான் 2-1. ஞாயிற்றுக்கிழமை பைனல் மறுபடியும் டெர்பி.

ஆனால் இன்று எழுத வந்தது வேறு. துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கம் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டிய படம். பசை மஞ்சளாகி ஓரம் சுருண்டிருக்கிறது. கோல் கம்பத்துக்குக் கீழே கறுப்புச் சட்டையில் நெடுநெடுவென்று ஒருவர், இரண்டு கையும் பந்தைத் தேடி மேலே போயிருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற படம். பார்த்துப் பார்த்தே பார்க்காமல் போய்விட்டது.

பீட்டர் தங்கராஜ்.

தங்.

பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவும் கோலிதான். ஆபீஸ் டீமுக்காகப் பதினொரு வருஷம் நின்றார், பாதி நாள் கையுறைகூட இல்லாமல். தங்கராஜ் என்றால் அவருக்கு உயிர். ராணுவத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் டீமில் ஆடிப் பெரிய ஆளானவர். முகமதன் ஸ்போர்ட்டிங்கில் ஆடினார், அப்புறம் மோகன் பகான், அப்புறம் ஈஸ்ட் பெங்கால். மூன்று கிளப்பிலும்! 1934-இலிருந்து ஐந்து வருஷம் தொடர்ந்து கல்கத்தா லீகை அள்ளிய முகமதனும் பெங்களூரிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஆள் கூட்டி வந்த கிளப்தான். அன்று நாங்கள் இருவருமே அதன் பெயரை எடுக்கவில்லை.

அன்று கேள்வி நாட்டின் டீம் எது என்று. அதற்கு அவர் சொல்கிற பதிலா இது? மூன்று சட்டையையும் ஒரே ஆள் போட்டாரே என்கிறாரா? சமாதானமா? அல்லது பழைய ஆளை நினைத்துக்கொண்டாரா, அவ்வளவுதானா? வார்டுக்குத் திரும்பி ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

செப்டம்பர் 1

காலையில் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். கண்ணீர் வந்தது. இந்த வியாதியில் சும்மாவே கண்ணீர் வரும் என்கிறார் டாக்டர். "தங்கராஜா அப்பா?" என்றேன். தலை அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, புரியவில்லை. அத்தை, "என்னைத்தான் கேட்டார்" என்கிறார். இருக்கட்டும்.

செப்டம்பர் 2

பிசியோ மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து ஒன்று கொடுத்தார். வலது உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் முதலில் நகர்ந்தது. அப்புறம் நடுவிரல். சுண்டுவிரல் வரவே இல்லை. பந்து நழுவிப் போர்வைமேல் உருண்டது. நான் எடுப்பதற்குள் இடது கை பாய்ந்து பிடித்தது. உருளும்போதே பிடித்தார்! "சார் கோலியா?" என்றார் பிசியோ. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

பைனல். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம், முதுகுக்கு இரண்டு தலையணை. மோகன் பகானில் தாப்பாவுக்குச் சிவப்பு அட்டை, பத்தே பேர். "அப்பா, இன்னைக்கு உங்க கட்சி போச்சு" என்றேன். 71-வது நிமிஷம் பெட்ராடோஸ் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே போய் தூரத்திலிருந்து இடது காலால் அடித்தார். 1-0. பத்துப் பேரோடு பதினேழாவது டூரண்ட்.

நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையைத் தூக்கினார். தொடையில் ஒரு தட்டு.

எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை. முழுச் சோறு சாப்பிட்டார். சோறு என்ன, குழைத்த கஞ்சி. கிண்ணம் காலி.

செப்டம்பர் 4

நாலரை மணிக்கே விழிப்பு. தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 1962, இதே செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு பைனல், தென் கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். தலையில் தையல் போட்ட ஜர்னைல் சிங்கைக் கோச் ரஹீம் சாப் முன்வரிசைக்கு அனுப்பினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். அடுத்த வருஷம் இல்லை. கோலில் தங்கராஜ்.

ஏழு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். படத்தைக் கவரில் போட்டுக் கையிலேயே வைத்திருக்கிறேன். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கஞ்சிக்கு முன்னால், மாத்திரைக்கு முன்னால். பாண்டவர்கள் கதையும் பாக்கி இருக்கிறது, அது சாயங்காலம்

சிஸ்டர் கூப்பிடுகிறார்.