ஒரே சப்-ஃபிரேம், ஒரே கியர்பாக்ஸ்: பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தின் செலவுக் கணக்கு

செலவைக் குறைக்க வேண்டும் என்று பேசாத பந்தய அமைப்பாளர் எவரும் இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் வரம்புகளை எழுதிவைத்தாலே செலவு அடங்கிவிடும் என்ற நம்பிக்கை, பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஒருமுறை முற்றிலும் பொய்த்துப்போனது.

1990-களின் சூப்பர் டூரிங் விதிகள் பார்வைக்கு எளிமையானவை: டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 2 லிட்டர் இன்ஜின், சாலையில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார். 1994-இல் ஆல்ஃபா ரோமியோ, 155 மாடலின் சிறப்புப் பதிப்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் அதன் பின்பக்க இறக்கையை உயர்த்திப் பொருத்துவதற்கான துண்டுகளை டிக்கியில் போட்டுக் கொடுத்தது. சாலைக் காரோடு சேர்ந்து விற்ற பொருள் என்பதால் பந்தயக் காரிலும் மாட்டலாம் என்பது அவர்கள் வாதம். வக்கீல்கூட மெச்சக்கூடிய வாதந்தான். ஆல்ஃபா ஓட்டுநர் கேப்ரியேலே தார்குவினி தொடர்ந்து வென்றார், எதிரணிகள் புகார் செய்தன, ஆல்ஃபா ஓல்டன் பார்க் பந்தயக் களத்திலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியது; ஆனாலும் திரும்பி வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றது. மறு ஆண்டு எல்லோருக்கும் இறக்கை அனுமதிக்கப்பட்டதும், காற்றியல் ஆய்வில் எவர் அதிகம் செலவிடுகிறார் என்பதே போட்டியாயிற்று. கார் நிறுவனத்தின் ஆதரவில்லாத தனியார் அணி ஒன்று பந்தயத்தை வெல்வது எவ்வளவு அரிதாகிவிட்டது என்றால், அதைச் சாதிப்பவருக்கு 2,50,000 பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டு, 1999-இல் டோனிங்டன் பார்க் களத்தில் ஓட்டுநர் மேட் நீல் அதைப் பெற்றார். 2000-இல் ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் ஆகிய மூன்று நிறுவனங்களே எஞ்சின. அத்துடன் அந்த விதிகளும் முடிந்தன.

அடுத்து வந்த விதிகள் ஓரளவு சிக்கனமானவை என்றாலும், உண்மையான மாற்றம் 2011-இல் அறிமுகமான என்.ஜி.டி.சி. (அடுத்த தலைமுறை டூரிங் கார்) விதிகளில்தான் வந்தது. செலவிடாதே என்று சொல்வதற்குப் பதிலாக, செலவிடும் இடத்தையே அவை எடுத்துவிட்டன. முன்னும் பின்னும் உள்ள சப்-ஃபிரேம் (சக்கரங்களும் சஸ்பென்ஷனும் பொருத்தப்படும் சட்டகம்), சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் அனைவருக்கும் பொது. சொந்தமாக இன்ஜின் உருவாக்க வசதியில்லாத அணி, அமைப்பாளரான டோக்காவின் பெயரிலுள்ள 2 லிட்டர் டர்போ இன்ஜினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை முதலில் ஸ்விண்டன் நிறுவனமும், 2022 முதல் எம்-ஸ்போர்ட்டும் தயாரித்தன.

இதன் அருமை விபத்தில்தான் தெரியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பந்தயங்கள் நடக்கும் இத்தொடரில், முதல் பந்தயத்தில் முன்பக்கம் நொறுங்கிய காரின் சப்-ஃபிரேமைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், பிற்பகலில் மீண்டும் களம் இறங்கலாம். பாகம் பொது என்பதால், தன்னிடம் உதிரி தீர்ந்துபோனால் பக்கத்து அணியிடமே இரவல் கேட்கவும் வழியுண்டு.

மேலே வெவ்வேறு தகடு, உள்ளே ஒரே கார் என்று குறைகூறுபவர்கள் உண்டு. அதில் உண்மையில்லாமலும் இல்லை. ஆயினும், பெருநிறுவனங்களின் தயவின்றிச் சிறிய அணிகள் பட்டத்துக்குப் போட்டியிடுவதை கார்களுக்கிடையிலான வேறுபாட்டைவிட மேலாக நான் மதிக்கிறேன். எனக்கு உறுத்தியது 2022-இல் வந்த ஹைபிரிட் அமைப்பு, அதாவது இன்ஜினுக்குத் துணையாக மின்மோட்டார். அதுவும் பொதுப் பாகமே என்றாலும், காருக்கு எடையையும் அணிக்குச் செலவையும் கூட்டியது. 2025 பருவத்துக்கு அதைக் கழற்றிவிட்டு, மரபுசாரா எரிபொருளுக்கு மாறியிருக்கிறார்கள்.