பெட்ரினோ பேச்சு வந்தால்: வடமேற்கு ஆர்கன்சாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வால்மார்ட் தலைமையக வேலைக்காகப் பென்டன்வில்லில் குடியேறுகிறவர்களுக்கு முதல் செப்டம்பரிலேயே ஒன்று தெரிந்துவிடும்: சனிக்கிழமையானால் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஃபேயட்வில், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ரேசர்பேக்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஊர். அங்கே ஆட்டம் இருக்கும் நாளில் ஐ-49 சாலைப் பக்கம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த அணியின் முன்னாள் தலைமைப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவில் ஒருமுறையாவது வந்து நிற்கும்.

முதலில் கணக்கு. "11-2" என்றால் 11 வெற்றி, 2 தோல்வி, சமன் கிடையாது. வழக்கமான ஆட்டங்கள் 12, அதற்கு மேல் தகுதி பெற்றால் சீசன் முடிவில் ஒரு 'பவுல்' ஆட்டம். பெட்ரினோ 2008இல் 5-7, பிறகு 8-5, 10-3, 2011இல் 11-2. மொத்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சீசன் தொடக்கத்தில் சின்ன அணிகளை அழைத்து ஆடும் ஆட்டங்களும் அதில் சேரும். அணி ஆடும் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் பிரிவுக்குள் என்ன செய்தார் என்று தனியாகப் பாருங்கள். 2010, 2011 இரண்டிலும் 6-2. 2011இல் தோற்றது அலபாமாவிடமும் எல்.எஸ்.யூ.விடமும் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மட்டுமே. அந்த ஆண்டு தேசிய இறுதியாட்டத்தில் மோதியவையே அந்த இரண்டு அணிகள்தான். ஆகவே அவரை மெச்சுகிறவர்கள் வெறும் பற்றினால் பேசவில்லை.

2012 ஏப்ரல் 1 அன்று மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தனியாகப் போனதாகச் சொன்னார். போலீஸ் அறிக்கை வெளிவந்தபோது பின்னால் ஒரு பெண் இருந்தது தெரிந்தது. தம் துறையில் அவரே வேலைக்கு எடுத்தவர். இருவருக்கும் காதல் உறவு இருந்தது. 20,000 டாலரும் கொடுத்திருந்தார். அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் 159 பேர். ஏப்ரல் 10 அன்று விளையாட்டுத் துறை இயக்குநர் ஜெஃப் லாங் அவரை நீக்கினார். ஒழுங்கு மீறலுக்காக நீக்கியதால் இழப்பீடும் கிடையாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். "அது அவர் சொந்த விஷயம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். உறவு வீட்டு விஷயமாகவே இருக்கட்டும். ஆனால் அரசுப் பல்கலைக்கழக வேலையொன்றை உறவுள்ள ஒருவருக்குக் கொடுத்ததும் மேலதிகாரியிடம் மறைத்ததும் வீட்டு விஷயம் அல்ல. மற்ற 158 பேருக்கு என்ன பதில்? அவர் முன்கதையையும் சேர்த்துப் பாருங்கள். 2003இல் லூயிவில் பயிற்சியாளராக இருந்துகொண்டே, ஆள் இருக்கும் ஆபர்ன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பதவிக்கு ரகசியமாகப் பேசினார். 2007இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணியை இன்னும் 3 ஆட்டங்கள் இருக்கையில் விட்டு, வீரர்களுக்குச் சில வரிக் கடிதம் வைத்துவிட்டு வந்தார். அது தெரிந்தேதான் ஆர்கன்சா அவரை எடுத்தது.

ஒரு குழப்பம் தவிர்க்க வேண்டும். சில பயிற்சியாளர்களின் வெற்றிகளை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பின்னர் ரத்து செய்திருக்கிறது. ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஹியூ ஃப்ரீஸுக்கு அப்படி நடந்தது. அங்கே குற்றமே ஆட்டத்தைத் தொட்டது. பெட்ரினோவின் வெற்றிகள் அப்படியே பதிவில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். களத்தில் உழைத்த மாணவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. அவர் போன அடுத்த சீசனில் அதே மாணவர்களில் பலர்தான் 4-8இல் முடித்தார்கள். அவருடைய பொய்க்கு அதிக விலை கொடுத்தவர்கள் அவர்களே என்பது எங்கள் கணிப்பு.

2024 சீசனுக்காகப் பல்கலைக்கழகம் அவரைத் தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளராகத் திரும்ப எடுத்தது. 2025 செப்டம்பர் இறுதியில் இடைக்காலத் தலைமையும் கையில் வந்தது. மீதமிருந்த 7 ஆட்டங்களிலும் தோல்வி.