விளையாட்டைக் கைமாற்றியபோது

ஆறு வருடங்களாக இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் உட்கார்ந்து நான் கட்டிய சின்ன ஆன்லைன் விளையாட்டு அது. பிரவுசரில் திறந்தால் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். வீட்டில் குழந்தை வந்த பிறகு, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கத் தெம்பில்லை. வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்டபோது சரி என்றேன்.

விலை இரண்டே பேச்சில் முடிந்துவிட்டது. மாத லாபத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இழுத்தது வேறு. "இதில் இருப்பதெல்லாம் உங்களுக்குச் சொந்தம்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தால், பின்னணி இசை நண்பன் போட்டுக் கொடுத்தது, எழுத்தில் எதுவும் இல்லை. ஒலிகள் சிலவற்றின் உரிமம் வாங்கியவருக்கு மட்டும்தான், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அவற்றை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது என் வேலை ஒப்பந்தம். பணியில் இருக்கும் காலத்தில் எழுதும் கோட் நிறுவனத்துக்கே சேரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சேர்ந்த அன்று படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! உரிமை கோர மாட்டோம் என்று ஒரு கடிதம் கிடைக்கும் வரை சரியாகத் தூங்கவில்லை. வேலையோடு சேர்த்துச் சொந்தமாக ஏதாவது செய்பவர்கள் அந்த வரியை இன்றைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

நான் பிடிவாதமாக நின்றது ஒரே இடத்தில். ஆடுபவர்களின் கணக்குகளும் புள்ளிகளும் அழியக்கூடாது. ஜோஷ் வார்டல் என்பவர் தன் துணைவிக்காகச் செய்த 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியபோதும், ஆடுபவர்களின் வெற்றிக் கணக்கு தொடரும் என்று அவர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. வருடக்கணக்கில் ஒருவர் சேர்த்த புள்ளி எனக்கு டேட்டாபேஸில் ஒரு எண், அவருக்கு அப்படியில்லை. ஒப்பந்தத்தில் அதைத் தனி வரியாகச் சேர்க்கவைத்தேன். மின்னஞ்சல் முகவரிகளை யாருக்கும் தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதி, வேண்டாம் என்றவர்களின் கணக்கை நீக்கிய பிறகே மற்றவற்றை ஒப்படைத்தேன். சிலர் வருத்தத்தோடு பதில் போட்டார்கள். எல்லாருக்கும் பதில் எழுதினேன்.

பணம் எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவர் கையில், வந்து நின்றது. டொமைன், கோட், சர்வர் கடவுச்சொற்கள் போய்ச் சேர்ந்ததும் என் கணக்குக்கு வந்தது. தலைக்குள் மட்டும் இருந்தவற்றை எழுதிக் கொடுக்கத்தான் மூன்று வாரம் பிடித்தது. எந்த ஸ்கிரிப்ட் எப்போது ஓடும், எது விழுந்தால் எதை முதலில் எழுப்ப வேண்டும் என்று நாற்பது பக்கம்.

ஒரு மாதம் கழித்து, சாதாரண ஆளாக உள்ளே போனேன். முகப்பு நிறம் மாறியிருந்தது. பட்டியலில் பழைய பெயர்கள் பழைய புள்ளிகளோடு அப்படியே இருந்தன. மூவர் நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள், போய்ச் சேர்ந்துகொண்டேன்.