சின்ன கம்ப்யூட்டர் கேபினெட்டின் உள்ளே: ஒன்றைக் கழற்ற எத்தனையைக் கழற்ற வேண்டும்?

முதல் சனிக்கிழமை எந்தப் பாகத்தையும் மாட்டவில்லை. பக்கத் தகடுகளை எல்லாம் கழற்றி, காலிக் கூட்டை மேஜையில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். நீளம் 320 மி.மீ., உயரம் 230, அகலம் 145. கிட்டத்தட்ட 10.7 லிட்டர். சின்ன கேபினெட் என்றாலே எல்லாரும் முதலில் பார்ப்பது இந்த லிட்டர் கணக்கைத்தான். நான் வேறு ஒன்றை எண்ணுகிறேன். உள்ளே இருக்கும் ஒரு பாகத்தை வெளியே எடுக்க, வேறு எத்தனை பாகங்களைக் கழற்ற வேண்டியிருக்கிறது? அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், வரைந்தவர் பூட்டும் கையையும் நினைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

இது சாண்ட்விச் அமைப்பு. நடுவில் ஒரு தகடு. அதன் ஒரு பக்கம் 170-க்கு 170 மி.மீ. மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன வகை மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. வழக்கம்போல ஸ்லாட்டில் நேராகச் செருகினால் கார்டு போர்டுக்குச் செங்குத்தாக நின்று கேபினெட்டை அகலமாக்கிவிடும். இங்கே அதை மடக்கிப் பின்பக்கம் கொண்டுபோய், ஸ்லாட்டிலிருந்து கார்டு வரை நீளும் ரைசர் கேபிளால் இணைக்கிறார்கள். போர்டு இருக்கும் பக்கத்திலேயே, முன்புறமாக எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அதுவும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவுதான்: 125 × 100 × 63.5 மி.மீ. பெரிய ஏடிஎக்ஸ் வகைக்கு இங்கே வாய்ப்பே இல்லை.

விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தகட்டை மடித்து மழுங்கவிட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு இடம் தவிர. ரைசர் கேபிள் வளைந்து மறுபக்கம் போகும் வாய், வெட்டியது வெட்டியபடியே இருக்கிறது. பட்டையான அந்தக் கேபிள் தினமும் உரசப்போவது அங்கேதான். துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். போர்டு, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர், ராம் எல்லாம் சிரமமில்லாமல் உட்கார்ந்தன. போர்டின் விளிம்புக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவே 28 மி.மீ. இடைவெளி. போர்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் 24 பின் கேபிள் அந்தச் சந்தில்தான் இறங்க வேண்டும். கூடவே வந்த கேபிள் நீளம் அதிகம், விறைப்பும் அதிகம். கட்டைவிரலால் அழுத்தி மடக்கினால் இன்னொரு பக்கம் எழும்புகிறது. நல்லவேளையாக எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே ஒரு கை நுழையும் அளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மிச்சக் கேபிளை அங்கே சுருட்டிக் கட்டினேன். இந்த வெற்றிடத்தை நீக்கி அரை லிட்டரைக் குறைத்திருக்கலாம். குறைக்காமல் விட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

மேலே இரண்டு 120 மி.மீ. ஃபேன். 25 மி.மீ. தடிமன் உள்ளதை மாட்டினால் போர்டின் மேல் விளிம்பில் இருக்கும் 8 பின் பவர் கேபிளின் கழுத்தில் உட்காருகிறது. அதனால் 15 மி.மீ. ஃபேனுக்கு மாறினேன். காற்று கொஞ்சம் குறையும், ஆனால் கேபிள் நசுங்காது.

முதல் தடவை ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே இருந்தது. ஃபேன் ஓடுகிறது, படம் இல்லை. ராமைக் கழற்றி மாட்டினேன், பயனில்லை. அப்புறம்தான் ரைசர் மேல் சந்தேகம் வந்தது. கேபினெட்டோடு வந்தது பிசிஐஇ 3.0 ரைசர் (பிசிஐஇ என்பது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு முறை; எண் கூடினால் வேகமும் கூடும்). போர்டும் கார்டும் 4.0. இரண்டும் தாமாகவே 4.0 வேகத்தில் பேச முயல்கின்றன, நடுவில் இருக்கும் கேபிள் அதைத் தாங்கவில்லை. கார்டை எடுத்துவிட்டு, பிராசஸரில் இருக்கும் கிராபிக்ஸை வைத்து பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) போய் ஸ்லாட்டை 3.0 என்று மாற்றினேன். படம் வந்துவிட்டது. இதில் ஒரு நல்ல விஷயம்: கார்டை எடுக்க ஒரு பக்கத் தகடும் மூன்று ஸ்க்ரூவும் மட்டும்தான். வேறு எந்தப் பாகத்தையும் தொடவில்லை. என் கணக்கில் பூஜ்யம்.

அடுத்த வாரம் வெப்பம். கூலரின் உயரம் 47 மி.மீ., கேபினெட் அனுமதிப்பது 60. அந்த 13 மி.மீ. இடைவெளி நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. கூலர் ஃபேன் ஓட்டைத் தகடு வழியாக வெளிக்காற்றை இழுப்பதற்குப் பதிலாக, தான் துப்பிய சூட்டையே பக்கவாட்டிலிருந்து திரும்ப இழுக்கிறது. ஃபேனைச் சுற்றி, தகட்டைத் தொடும் உயரத்துக்கு ஃபோமை வளையமாக வெட்டி ஒட்டினேன். அதே வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டதில் 86 டிகிரி வந்த இடத்தில் 80-தான் வந்தது. வெறும் ஃபோம்தான், ஆனால் காற்றுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

எனக்கு மனக்குறை ஒரே இடத்தில்தான். எம்.2 ஸ்லாட் என்பது தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்; என் போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் பின்பக்கம் இருக்கிறது. மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் இது சாதாரணம், முன்பக்கம் இடம் ஏது? ஆனால் அங்கே ஒரு எஸ்எஸ்டியை மாட்ட, மேல் ஃபேனை எடுத்தால்தான் 8 பின் கேபிளைப் பிடித்து இழுக்க முடியும், பிறகு ரைசர், பிறகு போர்டே வெளியே வர வேண்டும். மூன்று. நடுத்தகட்டில் அந்த இடத்தில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தால் கார்டை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னாலிருந்தே மாட்டிவிடலாம். மூன்று ஒன்றாகிவிடும். கார்டின் பாரம் பின்புற பிராக்கெட்டில்தான் நிற்கிறது, அதனால் தகடு பலவீனமாகும் என்ற பயமும் இல்லை.

எஸ்எஸ்டியின் அளவு 22-க்கு 80 மி.மீ., ஸ்க்ரூடிரைவருக்கும் விரலுக்கும் இடம் சேர்த்து 30-க்கு 95 என்று மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். தகடு ரிவெட் அடித்தது, தனியாகக் கழலாது. அதனால் எல்லாப் பாகத்தையும் வெளியே எடுத்து, வெட்டி முடித்து, இரும்புத்தூள் ஒரு துகள்கூட மிஞ்சாதபடி காலிக் கூட்டைக் கழுவித் துடைத்த பிறகுதான் திரும்பப் பூட்டப்போகிறேன். வரும் சனிக்கிழமை வெட்டு.