உலக முடிவை விட்டுவிட்டு ரோட்டோரத்துக்கு

புவியியல் ஆசிரியர்களுக்குக் களத்தில் வைத்தே ஒரு செயலமர்வு நடத்தலாம் என்று எங்கள் வட்டத்தில் பேச்சு வந்ததும், எல்லோர் வாயிலும் முதலில் வந்த இடம் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவு. அழகான இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே விளிம்பில் நின்று கீழே பார்க்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். தேசிய பூங்கா என்பதால் ஒரு சிறு கல்லைக்கூட எடுக்கக் கூடாது, காலை கொஞ்சம் ஏறியதும் மூடுபனி வந்துவிட்டால் பார்க்கவும் ஒன்றும் இருக்காது. கையால் தொட்டு, கத்தியால் கீறி, நான்கு பேர் சுற்றி நின்று வாதாட முடிகிற இடமாகப் பார்ப்போம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற ஒருவருக்கு, பிள்ளை குடியிருக்கிற லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) பின்னால் மலையை வெட்டிய முகத்தை வாசிக்கத் தெரிவது உலக முடிவைப் பார்ப்பதைவிட எவ்வளவோ பெரிய விஷயம்.

அதனால் அப்புத்தளையைத் தளமாக வைத்துக்கொண்டு, பெரகலையில் இருந்து கொஸ்லந்த வழியாக வெல்லவாய இறங்குகிற ரோட்டை எடுத்தோம். மத்திய மலைநாடு தெற்கே சட்டென்று முடிந்து சமவெளியில் விழுகிற விளிம்பு அது. ரோடு வளைந்து வளைந்து இறங்குகிறது, இறங்க இறங்க வெட்டுமுகங்கள்.

செயலமர்வுக்கு முன்பே பண்டாரவளை நண்பர் ஒருவருடன் போய் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பார்த்து வந்தேன். இந்த முன்பயணம் இல்லாமல் யாரும் களப்பயணம் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாறை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வான் நிறுத்த இடம் உண்டா, ஆட்கள் நிற்கிற ஓரம் எவ்வளவு அகலம், வளைவில் வருகிற லொறிக்கு நாம் தெரிவோமா, மேலே தளர்ந்த கல் ஏதும் தொங்குகிறதா, பேசினால் பின்னால் நிற்பவருக்குக் கேட்குமா, பெண்களுக்குப் பக்கத்தில் கழிப்பறை உண்டா. கடைசிக் கேள்வியைப் பல ஏற்பாட்டாளர்கள் கேட்பதே இல்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்கள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமலே நடந்தால் அந்தக் களத்தில் என்ன கற்பது? மனதுக்குப் பிடித்த இரண்டு வெட்டுமுகங்களை ரோட்டோரம் குறுகியது என்பதற்காகவே விட்டோம். தோட்டத்துக்குள் இருந்த ஓர் இடத்துக்கு முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம்.

கொண்டுபோகும் சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு உருப்பெருக்கி இரண்டு பேருக்கு ஒன்று, கெட்டி அட்டைக் கொப்பி, பென்சில், ஆணி, கண்ணாடித் துண்டு, சோக்கு, அளவு நாடா, சரிவு பார்க்கப் பாகைமானியில் நூலும் போல்ட்டும் கட்டிச் செய்த சாய்வுமானி. விலை கூடிய திசையறிகருவி ஒன்று இருந்தது, ஆனால் பாடசாலையில் செய்துகொள்ள முடியாத எதையும் மையமாக வைக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். சுத்தியல் ஒன்றே ஒன்று, அதுவும் விழுந்து கிடக்கிற கல்லுக்கு மட்டும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் 1:100,000 வரைபடத்தில் எங்கள் பகுதியைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்தோம். அட்டைப்பூச்சிக்கு உப்பும் சவர்க்காரமும். ஒளிரும் மேலங்கி எல்லோருக்கும்.

ஓகஸ்ட் விடுமுறையில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அட்டன் பக்கம் மழையைக் கொட்டும், ஊவாப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். அட்டனில் பதுளை ரயிலேறும்போது சரியான மழை, உள்ளே உல்லாசப் பயணிகள் நெரிசல், எங்கள் பைகளை வைக்கவும் இடமில்லை. தலவாக்கலை, நானுஓயா, அம்பேவெல என்று ஏறிக்கொண்டே போய் 1,898 மீட்டரில் பட்டிப்பொல. இலங்கையில் இதற்கு மேல் ரயில் நிலையம் இல்லை. அங்கே கண்ணாடியில் இன்னும் தூறல் வழிந்தது. சற்று நேரத்தில் சுரங்கம், இருட்டு, வெளியே வந்தால் வெயில்! பெட்டியில் இருந்த எங்கள் ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மழைமறைவுப் பிரதேசம் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்தவர்கள்தான் எல்லோரும். அதை உடம்பில் உணர்ந்த பிறகு ஓகியாவில் இருந்து அப்புத்தளை வரை பேச்சு நிற்கவே இல்லை. செயலமர்வு அங்கேயே தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன அறிமுகம். ஆனந்த குமாரசுவாமி என்றால் நமக்குக் கலை வரலாறு, நடராஜர். ஆனால் 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளர் அவர்தான், தோரியனைட் என்ற கனிமம் 1904இல் இங்கே வெளிச்சத்துக்கு வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இது அங்கே இருந்த பலருக்குப் புதுச் செய்தி. அப்புறம் நம் பாடப்புத்தகத்தில் வருகிற மூன்று படித்தளங்கள், அதாவது இலங்கை நிலம் மூன்று உயரங்களில் படிபோல் அமைந்திருப்பது. 1929இல் புவிச்சரிதவியல் அறிஞர் ஆடம்ஸ் அவற்றை அரிப்பின் விளைவு என்றார், பின்னர் வாடியா, நிலம் துண்டு துண்டாகப் பிளவுற்று உயர்ந்தது என்றார். ஒரே படிக்கட்டைப் பார்த்து இரண்டு பெரிய அறிஞர்கள் இரண்டு கதை சொல்லியிருக்கிறார்கள் என்பதை உயர்தர மாணவருக்குச் சொல்லலாமே, ஏன் மூன்று உயரங்களை மட்டும் மனப்பாடம் செய்ய விடுகிறோம்?

சரி, வெட்டுமுகத்துக்கு வருகிறேன். காலையில் முதல் நிறுத்தம். வளவாளர்கள் யாரும் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எல்லோரும் பார்த்து வரைய வேண்டும், கேள்வி ஒன்றுதான்: இதில் பாறை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது?

அடியில் கடினமான சாம்பல் நிற நைஸ், அதாவது பட்டை பட்டையாக உருமாறிய பாறை. வெள்ளைப் பட்டை, கறுப்புப் பட்டை, இடையில் மிளகளவு கார்னெட் என்ற கனிம மணிகள், உருப்பெருக்கியில் பார்த்தால் கருஞ்சிவப்பு. கண்ணை மேலே கொண்டுபோனால் அதே பட்டைகள் அப்படியே தொடர்கின்றன, ஆனால் நிறம் மஞ்சளாகிறது, ஆணி உள்ளே இறங்குகிறது. இன்னும் மேலே விரலால் அழுத்தினால் தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்கிறது. வெள்ளைப் பட்டை வழுவழுப்பான களியாகிவிட்டது, கார்னெட் இருந்த இடத்தில் துருப் புள்ளி மட்டும், படிகக்கல் துகள் மட்டும் இன்னும் விரலில் நறநறக்கிறது. அதற்கும் மேலே பட்டைகள் மறைந்து செம்மண், அதன் மேல் தேயிலை வேர். நடுவில் ஓரிடத்தில் உருண்டையான முழுக்கல் ஒன்று, சுற்றியிருந்த பாறை முழுவதும் மண்ணாகிப்போக அது மட்டும் மிஞ்சி நிற்கிறது.

ஓர் ஆசிரியை சோக்கால் கோடு போட்டார். பக்கத்தில் இருந்தவர் "அது எப்படி டீச்சர், பட்டை இன்னும் தெரியுதே" என்று முழங்கை அளவுக்கு மேலே இன்னொரு கோடு போட்டார். மூன்றாமவர், ஆணி இறங்காத இடம்தான் பாறை என்று கீழே போட்டார். அரை மணி நேரம் ஓடியது. நாங்கள் அவர்களைத் தடுக்கவில்லை, எங்கள் அட்டவணை அதோடு குலைந்தது, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அந்த மூன்று கோடும் மூன்று நியாயம். அப்புறம் நாங்கள் சொன்னது சுருக்கம்தான்: இந்தப் பட்டைக் கற்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் சேறும் மணலுமாகப் படிந்தவை, பூமிக்குள் 25 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து 800 பாகை செல்சியசையும் தாண்டி வெந்து உருமாறியவை, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கை தென்னிந்தியாவோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக் கிடந்த நாளில். சிவனொளிபாதமலை எரிமலையா என்று பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது: இல்லை, அதுவும் இப்படி உருமாறிய பாறைதான்.

மண்ணைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல நினைத்தேன். மகாவலியின் மேற்பகுதியில் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வு, பயிர்ச்செய்கை நிலத்தில் மண் இயற்கையைவிட 10 முதல் 100 மடங்கு வேகமாக அரித்துப் போகிறது என்று காட்டியது. பாறை மண்ணாக எடுத்த காலத்தைச் சற்று முன்புதான் ஆணியால் குத்திப் பார்த்திருந்தார்கள், அதனால் அந்த எண் அவர்களுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

பிற்பகல் கொஸ்லந்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்க முடியாது. அங்கே ஏறிப்போய் நின்று பார்ப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம், அது பலருடைய உறவுகள் கிடக்கிற இடம். ரோட்டில் இருந்தே சரிவின் வடிவத்தை வரைந்தோம். பழைய சரிவுகளில் இருந்து வந்து குவிந்த தளர்மண், அதற்குக் கீழே நீர் இறங்காத பாறை, பெருமழையில் இரண்டுக்கும் நடுவே தேங்குகிற தண்ணீர். 2005இலும் 2011இலும் இந்த இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கடிதமாக இருந்தால் போதாது, அங்கே குடியிருப்பவர் கண்ணால் அடையாளம் காணக்கூடியதாகவும் இருக்க வேண்டும், போக வேறு வீடும் இருக்க வேண்டும்.

தேநீர்க் கடையில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் நாங்கள் கொப்பியும் கையுமாக இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாங்க கான் வெட்டுன காலத்துல மலைத் தண்ணி எங்க போகணுமோ அங்க போச்சுங்க டீச்சர். இப்ப கானெல்லாம் மூடிக் கெடக்கு. பீலித் தண்ணி கலங்கி வந்தா எங்கப்பா பொட்டிய கட்டச் சொல்லுவாரு." ஐயா சொன்னதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பீலித் தண்ணீர் (மலை ஊற்றில் இருந்து குழாய் வழி வருகிற நீர்) திடீரெனக் கலங்குவது, புது ஊற்று கிளம்புவது, மரம் சாய்வது, சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு, கதவு இறுகுவது. அத்தனையும் மண்சரிவுக்கான முன்னறிகுறிகள், ஒரு பிள்ளையால் பார்க்கக் கூடியவை.

கடைசி அமர்வில் ஒவ்வொரு குழுவும் தன் பாடசாலைக்கு ஒரு பாடத்திட்டம் எழுதியது. பலர் மழைமானியை எடுத்தார்கள். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, மேல் துண்டைக் கவிழ்த்துப் புனலாக்கி, அடியில் கூழாங்கல் போட்டு நீரை பூச்சியக் கோடுவரை நிரப்பினால் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக, 150 தாண்டினால் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் அளப்பது என்று ஒருவர் கேட்டார். அதனால் மானியைப் பாடசாலையில் மட்டும் வைக்காமல் லயத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகளிடமே கொடுப்பது என்று அந்தக் குழு திட்டத்தைத் திருத்தியது, கூரைநீரும் மரநீரும் விழாத இடத்தைத் தேடுவதே முதல் வீட்டுப்பாடம்.

அடுத்தது மாத்தளைப் பக்கம், பளிங்குப் பாறைக்கு. ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலப் போத்தல் தேவைப்படும், அமிலத்தில் மெதுவாகவே நுரைக்கிற டொலமைற்றாக இருந்தால் பொடியாக்கிப் பார்க்க உரலும் தேவைப்படும். முன்பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.